காப்பீட்டை நம்பாமல் குறைந்த செலவில் பல் சிகிச்சை: தமிழ்நாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த விடைகள் தமிழ்நாட்டில் வசிப்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. செலவை எங்கே, எப்படிக் குறைக்கலாம் என்பதே இங்கு பேசப்படுகிறது. குறிப்பிட்ட ஒரு பல்லுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை, வாயைத் திறந்து பார்த்த பல் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

மருத்துவக் காப்பீடு எடுத்திருக்கிறேன். அது பல்லுக்கு உதவாதா?

பெரும்பாலும் உதவாது. நம் நாட்டில் விற்கப்படும் வழக்கமான மருத்துவக் காப்பீடுகள் மருத்துவமனையில் படுத்துப் பெறும் சிகிச்சைக்காக வகுக்கப்பட்டவை. விபத்தில் தாடை உடைந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால் பணம் கிடைக்கும். சொத்தையை அடைக்கவும், ரூட் கேனால் (வேர் சிகிச்சை) செய்யவும், பல் கட்டவும் கிடைக்காது. வெளிநோயாளர் செலவைத் தனியாகச் சேர்த்துத் தரும் சில திட்டங்கள் உண்டு என்றாலும், அவற்றுக்குக் கூடுதலாகக் கட்டும் தொகையையும் ஆண்டுக்கு அவர்கள் தரும் உச்ச வரம்பையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், அந்தப் பணத்தை அஞ்சலகச் சேமிப்பில் போட்டு வைப்பதே மேல்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் இதற்கு விலக்கு அல்ல. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கான அந்தத் திட்டம் பெரிய அறுவை சிகிச்சைகளுக்கு அரணாக இருக்கிறது. ஆனால் அந்த அட்டையோடு பல் அடைக்கச் செல்பவர் ஏமாற்றத்தோடுதான் திரும்புவார்.

ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டு, சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்குமானால், இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளின் பல் பிரிவை நீங்களும் உங்கள் குடும்பத்தாரும் பயன்படுத்தலாம். மாதந்தோறும் பணம் பிடித்தமாகிக்கொண்டே இருக்க, பல்லுக்குத் தனியார் மருத்துவரிடம் கடன் வாங்கிச் செல்லும் தொழிலாளர்கள் ஏராளம்.

அப்படியானால் முதலில் எங்கே போக வேண்டும்?

அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்கு. எல்லா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும், பெரும்பாலான வட்ட மருத்துவமனைகளிலும் பல் மருத்துவர் இருக்கிறார். சில ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் உண்டு. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை, கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்றவற்றின் பல் பிரிவுகளில் காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும் என்பதால், ஓ.பி. சீட்டு கொடுக்கத் தொடங்கும் நேரத்துக்கே சென்றுவிடுவது நல்லது.

பரிசோதனை, பல் பிடுங்குதல், சாதாரண அடைப்பு, மருந்து மாத்திரை ஆகியவை இங்கே கிடைக்கும். ரூட் கேனால், பல் செட் போன்றவை எல்லா ஊர்களிலும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அது மருத்துவரைப் பொறுத்ததாக இல்லாமல், அங்கே இருக்கும் நாற்காலியையும் கருவியையும் பொருளையும் பொறுத்தது. “பிடுங்கத்தான் முடியும்” என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டால் உடனே வாயைத் திறந்துவிட வேண்டாம். அந்தப் பல்லைக் காப்பாற்ற வழி உண்டா, உண்டென்றால் எங்கே அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்குச் சீட்டு எழுதித் தருவார்கள்.

அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் எங்கே உள்ளன?

சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே, முத்துசாமி சாலையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் பிரிவாக 1953-இல் தொடங்கி வளர்ந்த நிறுவனம் இது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியாக இருந்து அரசிடம் வந்த கல்லூரி சிதம்பரத்தில் இருக்கிறது. புதுக்கோட்டையில் 2023-இல் இன்னொன்று திறக்கப்பட்டது. விழுப்புரம், கடலூர் பகுதியினருக்குப் புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள அரசுப் பல் மருத்துவ நிறுவனமும் எட்டும் தொலைவுதான்.

ஈறு, வேர் சிகிச்சை, பல் கட்டுதல், பல் சீரமைப்பு, குழந்தைப் பல், வாய் அறுவை சிகிச்சை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துறை இருப்பது கல்லூரி மருத்துவமனையின் பெரிய பலம். அதுவே முதல்முறை வருபவரைக் குழப்பவும் செய்யும். முதலில் எல்லோரையும் நோய் கண்டறியும் துறையில்தான் பார்ப்பார்கள். எக்ஸ்ரே எடுத்த பிறகு உரிய துறைக்கு அனுப்புவார்கள். அந்தத் துறையில் வேறொரு நாள் வரச் சொல்லக்கூடும். ஆகவே முதல் நாளிலேயே எல்லாம் முடிந்துவிடும் என்று எண்ணி அரை நாள் விடுப்பில் செல்லாதீர்கள். பரிசோதனைக்கும் பிடுங்குவதற்கும் செலவு பெரிதாக இராது. ஆய்வகத்தில் செய்து வர வேண்டிய கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை), பல் செட் போன்றவற்றுக்குக் கட்டணம் கேட்கப்படலாம். அப்போதும் அது வெளியே கேட்கும் தொகையை விட வெகுவாகக் குறைந்தே இருக்கும்.

தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளில் குறைவாக வாங்குவதாகச் சொல்கிறார்களே, ஏன்?

அவர்களுக்கு நோயாளிகள் தேவை. பல் மருத்துவப் பட்டமான பி.டி.எஸ். ஐந்தாண்டுப் படிப்பு. அதன் பிந்தைய ஆண்டுகளில் மாணவர்கள் நேரடியாக நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்துப் பழக வேண்டும். இத்தனை அடைப்பு, இத்தனை பிடுங்கல், இத்தனை பல் செட் என்று கணக்குக் காட்டினால்தான் தேர்வுக்குப் போக முடியும். கடைசி ஓராண்டு முழுவதும் ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி மருத்துவராகப் பணி. அதற்கு மேல் மூன்றாண்டு எம்.டி.எஸ். படிக்கும் பி.ஜி. (முதுநிலை) மருத்துவர்களுக்கும் இதே போன்ற தேவை உண்டு. நோயாளி இல்லாமல் கல்லூரி நடக்காது என்பதால் கட்டணத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். சில கல்லூரிகள் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் பேருந்து அனுப்பி ஆட்களை அழைத்துச் செல்வதற்கும் இதுவே காரணம்.

தமிழ்நாட்டில் இத்தகைய கல்லூரிகள் இருபதுக்கும் மேல் உள்ளன. சென்னையிலும் அதன் புறநகர்களிலும்தான் பெரும்பகுதி. மதுரை, கோவை, சேலம், திருச்செங்கோடு, குமாரபாளையம், மேல்மருவத்தூர் முதலிய இடங்களிலும் உண்டு. கட்டணம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஒரே கல்லூரியிலும் மாணவர் பிரிவுக்கு ஒரு கட்டணம், சிறப்பு மருத்துவர் பிரிவுக்கு வேறொரு கட்டணம் இருப்பதுண்டு. பதிவு செய்யும் இடத்திலேயே “மாணவர் பிரிவில் பார்த்துக்கொள்கிறேன்” என்று தெளிவாகச் சொல்லிவிட்டால், கடைசியில் கட்டணச் சீட்டைப் பார்த்துத் திடுக்கிட வேண்டியிராது.

மாணவர் கையில் பல்லைக் கொடுப்பது பாதுகாப்பானதா?

பயம் இயல்பானதே. ஆனால் நடைமுறையைப் பார்த்தால் அந்தப் பயம் கொஞ்சம் குறையும். மாணவர் ஒவ்வொரு கட்டத்திலும் ஆசிரியரை அழைத்துக் காட்டி, அவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். தனி மருத்துவமனையில் ஒருவரே செய்து ஒருவரே சரிபார்க்கும் வேலையை இங்கே இரண்டு பேர் பார்க்கிறார்கள். என் கணிப்பில் அடைப்புக்கும், பல் சுத்தம் செய்வதற்கும், முழுப் பல் செட்டுக்கும் மாணவர் பிரிவே போதுமானது. கடைவாய்ப்பல்லின் ரூட் கேனால் வேறு கதை. முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரே வேர்க்குழாய். மேல் கடைவாய்ப்பல்லிலோ மூன்று, பல நேரங்களில் நான்கு குழாய்கள் இருக்கும். அதில் ஒன்றைத் தவறவிட்டாலும் வலி திரும்பும். அந்த வேலைக்கு வேர் சிகிச்சைத் துறையின் பி.ஜி. மருத்துவரைக் கேட்டுப் பெறுங்கள். எலும்புக்குள் புதைந்து சாய்ந்திருக்கும் ஞானப்பல்லை எடுப்பதற்கும் அறுவை சிகிச்சைத் துறையின் பி.ஜி. மருத்துவர்தான் பொருத்தமானவர்.

இதற்கெல்லாம் நீங்கள் கொடுக்கும் உண்மையான விலை நேரம். தனியார் மருத்துவர் முக்கால் மணி நேரத்தில் முடிப்பதை மாணவர் ஒரு முழுக் காலை நேரம் செய்வார். தேர்வுக் காலத்திலும் விடுமுறையிலும் வேலை நடுவில் நிற்கும். நாள்கூலிக்குப் போகிறவருக்கு நான்கு நாள் கூலி போனால் மிச்சமான பணமும் அதில் போய்விடும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு தனியார் மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பவரைக் குறை சொல்ல முடியாது.

தனியார் மருத்துவமனைக்குத்தான் போயாக வேண்டும் என்றால் செலவை எப்படிக் குறைப்பது?

நாற்காலியில் சாய்வதற்கு முன்பே பேச வேண்டும். என்னென்ன செய்ய வேண்டும், எது இப்போதே அவசியம், எது ஆறு மாதம் பொறுக்கும், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். நல்ல மருத்துவர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. “ஆறு பல்லில் பிரச்சினை, மொத்தம் இவ்வளவு” என்று ஒரே தொகையாகச் சொன்னால் மலைப்பாகத்தான் இருக்கும். அதையே பிரித்துப் பார்த்தால் ஒன்றிரண்டு மட்டுமே அவசரமானவையாக இருக்கக்கூடும். வலி தருவதும் சீழ் கட்டியதும் முதலில். ஆழமாகப் போய்க்கொண்டிருக்கும் சொத்தை அடுத்து. அழகுக்கானவை எல்லாம் கடைசியில்.

ரூட் கேனாலுக்குச் சொன்ன தொகையில் எக்ஸ்ரேயும் கேப்பும் அடக்கமா என்று கேளுங்கள். விளம்பரத்தில் காணும் குறைந்த தொகை பெரும்பாலும் கேப் இல்லாத தொகைதான். அடுத்ததாகப் பொருளைப் பற்றிக் கேளுங்கள். கேப்பில் உலோகம், உலோகத்தின் மேல் பீங்கான், சிர்கோனியா என்று வகைகள் உண்டு, விலையும் அதே வரிசையில் ஏறும். சிரிக்கும்போது வெளியே தெரியாத கடைசிக் கடைவாய்ப்பல்லுக்கு உலோகக் கேப் உறுதியாக உழைக்கும். பல்லையும் குறைவாகவே ராவ வேண்டியிருக்கும். இதை மருத்துவர்கள் தாமாகச் சொல்வது குறைந்துவிட்டது, ஏனென்றால் கேட்பவர்களும் குறைந்துவிட்டார்கள்.

பெரிய தொகை சொல்லப்பட்டால் எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கிக்கொண்டு, இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள். முதல் மருத்துவர் என்ன சொன்னார் என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டாம்.

பிடுங்கிவிட்டால் மலிவாக முடிந்துவிடும் அல்லவா? ரூட் கேனால் எதற்கு?

இந்த ஒரு கேள்வியில்தான் குடும்பங்கள் அதிகப் பணத்தை இழக்கின்றன. பல்லின் வெளி ஓடான எனாமலில் சொத்தை இருக்கும்வரை வலி தெரியாது. அந்தக் கட்டத்தில் அடைப்பதற்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஓராயிரம் வரை ஆகும், அரசு மருத்துவமனையில் அதுவும் ஆகாது. அது உள்ளே இறங்கி நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள கூழை எட்டிய பிறகுதான், படுத்தால் தெறிக்கும் வலியும் சூடு பட்டால் நெடுநேரம் நிற்கும் குடைச்சலும் வருகின்றன. அப்போது அடைப்பு உதவாது. கூழை எடுத்து, வேர்க்குழாய்களைச் சுத்தம் செய்து நிரப்பி, மேலே கேப் போட வேண்டும். செலவு பல ஆயிரமாகிறது.

பிடுங்குவது அன்றைக்கு மலிவுதான். அந்த இடம் காலியாகவே இருந்தால் பக்கத்துப் பற்கள் அதை நோக்கிச் சாயலாம், எதிர்ப் பல் இறங்கலாம், சில ஆண்டுகளில் பல் கட்டும் செலவு வந்து நிற்கும். அதற்காக எல்லாப் பல்லையும் காப்பாற்றியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஞானப்பல்லைப் பிடுங்கினால் அதற்கு மாற்றுப் பல் தேவையில்லை. வரிசையின் கடைசியில் உள்ள கடைவாய்ப்பல் போனாலும் மென்று சாப்பிடுவதில் பலருக்குக் குறை தெரிவதில்லை. வேர்வரை பிளந்த பல்லுக்கோ, எலும்பு கரைந்து ஆடும் பல்லுக்கோ ரூட் கேனால் செய்வது வீண் செலவு. முதல் கடைவாய்ப்பல்லையும் முன்பற்களையும் காப்பாற்றச் செலவிடுங்கள் என்பதே என் பரிந்துரை. மற்றவற்றைப் பல்லின் நிலையைப் பார்த்து முடிவு செய்யலாம்.

விழுந்த பல்லுக்கு மாற்று வைக்க எது மலிவு?

கழற்றி மாட்டும் பல் செட்தான் மலிவு. பழகச் சில வாரங்கள் ஆகும், இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். நிலையாகப் பல் கட்டும் பிரிட்ஜ் முறையில் இருபுறமும் உள்ள நல்ல பற்களை ராவ வேண்டியிருக்கும் என்பதை முடிவெடுக்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். தாடை எலும்பில் பொருத்தும் இம்ப்ளாண்டுக்கு ஒரு பல்லுக்கே பல்லாயிரம் ரூபாய் ஆகும். அதற்குக் கையில் பணம் இல்லாதவர் கடன் வாங்கத் தேவையில்லை. செட் போட்டுக்கொண்டு, வசதி வரும்போது மாற்றலாம்.

இலவச முகாம், தள்ளுபடி அட்டை, மாதத் தவணை ஆகியவற்றை நம்பலாமா?

அரசு நடத்தும் முகாமும் கல்லூரிகள் நடத்தும் முகாமும் பயனுள்ளவை. பரிசோதனை நடக்கும், சில இடங்களில் முகாமுக்கு வரும் வண்டியிலேயே பல் சுத்தம் செய்து அடைப்பும் போடுவார்கள், மற்றவர்களுக்குச் சீட்டு தருவார்கள். தனியார் மருத்துவமனையின் “இலவசப் பரிசோதனை” ஒரு அழைப்பிதழ் மட்டுமே. அதில் தப்பொன்றும் இல்லை, ஆனால் அங்கேயே முன்பணம் கட்டிவிடாமல் வீட்டுக்கு வந்து யோசியுங்கள். வட்டியில்லாத் தவணை என்று சொன்னால் செயல்பாட்டுக் கட்டணம் உண்டா, சிகிச்சையை நடுவில் நிறுத்தினால் தவணையும் நிற்குமா என்ற இரண்டையும் கேளுங்கள். கடன் கொடுப்பது வேறொரு நிதி நிறுவனமாக இருந்தால், மருத்துவரோடு மனக்கசப்பு வந்தாலும் தவணை ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

மிக மலிவாகச் செய்யும் இடங்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

பட்டமும் கிருமிநீக்கமும். பல் மருத்துவம் செய்பவர் மாநிலப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் பி.டி.எஸ். இல்லாமல், பரம்பரையாகப் பல் கட்டுகிறோம் என்று சொல்பவரிடம் போக வேண்டாம். அப்படிப்பட்டவர்கள் கழற்ற முடியாதபடி ஒட்டிவிடும் செயற்கைப் பல்லின் அடியில் ஈறு அழுகிய நிலையில் கல்லூரி மருத்துவமனைக்கு வருபவர்கள் உண்டு.

பட்டம் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். 2023-ஆம் ஆண்டில் வாணியம்பாடியில் ஒரு தனியார் பல் மருத்துவமனையோடு தொடர்புடைய மூளைத் தொற்றில் 8 பேர் உயிரிழந்தனர். அதை ஆராய்ந்த மருத்துவர்கள், சலைன் பாட்டிலைத் திறக்கக் கிருமிநீக்கம் செய்யாத கருவியைப் பயன்படுத்தியதையும், மீந்த சலைனை மீண்டும் பயன்படுத்தியதையும் சுட்டிக்காட்டினர். கருவிகள் உறையிலிருந்து உங்கள் கண்முன் பிரிக்கப்படுகின்றனவா, ஊசி புதியதா, கையுறை மாற்றப்படுகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் வாய்விட்டுக் கேளுங்கள்.

இரவில் வலி தாங்கவில்லை, கையில் பணமும் இல்லை. என்ன செய்வது?

பாராசிட்டமால் போன்ற வலிநிவாரணியும் வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளிப்பதும் விடியும்வரை உதவும். கிராம்பு எண்ணெய் தற்காலிகமாக மரத்துப்போகச் செய்யும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈற்றில் வைத்து அடக்கினால் அந்த இடம் வெந்துபோகும். மருந்துக் கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்குவது வெறும் பல்வலிக்குப் பயன்படாது. வீக்கம் சற்று வற்றினாலும் காரணம் உள்ளேயே இருக்கும், சில வாரங்களில் திரும்ப வரும். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ குறைந்த விலைக்கு வாங்கலாம்.

முகமோ தாடையின் அடிப்பகுதியோ வீங்கி, காய்ச்சலும் வந்து, வாயைத் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஏற்பட்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அது உயிருக்கு ஆபத்தான நிலை. 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

குழந்தைகளுக்கு ஏதேனும் வசதி உண்டா?

அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் தேசிய சிறார் நலத் திட்ட மருத்துவக் குழு பார்க்கும் குறைகளில் சொத்தைப் பல்லும் ஒன்று. குழு வரும் நாளில் குழந்தை பள்ளியில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் அனுப்பும் இடத்தில் கட்டணமின்றிச் சிகிச்சை கிடைக்கும். விழப்போகும் பால்பல்தானே என்று விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் கடைவாய்ப் பால்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருந்து நிலைப்பல்லுக்கு இடம் காக்கின்றன.

விளையாட்டில் நிலைப்பல் வேரோடு விழுந்துவிட்டால், வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுத்து, பாலில் போட்டுக்கொண்டு உடனே பல் மருத்துவரிடம் ஓடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் பொருத்தினால் ஒட்டிக்கொள்ள நல்ல வாய்ப்பு உண்டு. பிற்காலத்தில் இம்ப்ளாண்டுக்கு ஆகும் செலவு அங்கேயே மிச்சமாகும்.

எங்கள் ஊரில் எல்லோருக்கும் பல் பழுப்பாக இருக்கிறது. சுத்தம் செய்தால் போகுமா?

தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடுதலாக இருப்பதால் குழந்தைப் பருவத்திலேயே எனாமலில் ஏறிவிடும் கறை அது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே இதுதான் காரணம். மேலே படிந்த கறையாக இல்லாததால் பல் சுத்தம் செய்து அதை நீக்க முடியாது. அப்படி நீக்கித் தருவதாகச் சொல்லும் இடத்தில் பணத்தைக் கொடுக்காதீர்கள். வெளுப்பாக்கும் சிகிச்சை அழகுக்கானது, கட்டாயமில்லை. அந்தப் பகுதிகளில் சிறு குழந்தைகளுக்கு எந்தப் பேஸ்ட் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மற்ற ஊர்களில் இதற்கு நேர்மாறு: ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்தான் சொத்தையைத் தடுக்கிறது, மூலிகைப் பேஸ்ட்டுகள் பலவற்றில் அது இருப்பதில்லை. உறையைப் படித்து வாங்குங்கள்.

பல் சுத்தம் செய்தால் பல் ஆடத் தொடங்கும் என்கிறார்களே?

ஆடாது. ஈறு நோயால் ஏற்கெனவே எலும்பு கரைந்து ஆடிக்கொண்டிருந்த பல்லைக் கெட்டிக் காரை பிடித்துவைத்திருந்திருக்கும்; அதை அகற்றியதும் உள்ளபடியே தெரிகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறு நோய் வேகமாகப் பரவும் என்பதால் அவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

முதல் முறை செல்லும்போது எதையெல்லாம் எடுத்துச் செல்ல வேண்டும்?

ஆதார் அட்டை, பழைய எக்ஸ்ரே, தற்போது உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, கர்ப்பம், மருந்து ஒவ்வாமை ஆகியவற்றில் எது இருந்தாலும் கேட்காமலே சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் பல் பிடுங்குவதற்காகத் தாமாகவே அதை நிறுத்தக் கூடாது. காலை உணவை முடித்துக்கொண்டு செல்வது நல்லது. வெறும் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு மயங்கி விழுபவர்கள் அதிகம். புகையிலை, பாக்கு பழக்கம் உள்ளவர்கள், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ வாயில் இருந்தால், பல்வலிக்காகச் சென்றிருந்தாலும் அதை முதலில் காட்ட வேண்டும். அது புற்றுநோயா என்று அறிய அரசுப் பல் மருத்துவக் கல்லூரியிலேயே திசுப் பரிசோதனை செய்வார்கள்.